வேற்றுமை பிறப்பில் வந்தது, மேல் கீழ் மனிதன் போட்டது

(கிள்ளானில் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளையும் ஓவர்டைமுக்குக் கொடுக்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே கைதட்டலுக்காகப் பேசி உங்கள் நேரத்தை நான் வீணாக்கப் போவதில்லை. இன்று ஒரே ஒரு விஷயம்தான். அது அரசியல்தான். "அரசியல் நமக்கு எதற்கு சார், நாம் உண்டு நம் வேலை உண்டு" என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் அரசியலை விட்டாலும் அது உங்களை விடாது. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய், பிள்ளையின் பள்ளிக்கூடம், உங்கள் சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து விரல்

என் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "என்னா சார் செய்யறது, நம்ம தலையெழுத்து. அஞ்சு விரலும் ஒன்னாவா இருக்கு?" இதைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பத்து வருடம் உழைத்த இடத்தில் நோட்டீஸ் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். அதற்கும் ஐந்து விரல்தான் பதில்!

இந்தப் பழமொழியை நாம் தப்பான இடத்தில் பயன்படுத்துகிறோம். ஐந்து விரலும் ஒன்றாக இல்லை, உண்மைதான். ஆனால் பால்மரம் வெட்ட கத்தியைப் பிடிக்கிறபோது சுண்டு விரல் பிடிக்கவில்லை என்றால் கத்தி நிற்குமா? எந்த விரலில் வெட்டுப்பட்டாலும் ஒரே ரத்தம், ஒரே வலி. விரல்கள் வேறு வேறு என்று சொல்கிற பழமொழி அது. ஒரு விரல் இன்னொரு விரலுக்கு எஜமான் என்று அது எங்கே சொன்னது?

இதுதான் நான் இன்று சொல்ல வந்தது. மனிதர்களுக்குள் வேற்றுமை உண்டு. நிறம், மொழி, மதம், திறமை, உடல் பலம் எல்லாம் வேறு வேறு. அது பிறப்பில் வந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "நீ மேலே, நீ கீழே" என்பது பிறப்பில் வந்ததல்ல. அதை ஒரு காலத்தில், ஓர் இடத்தில், சில மனிதர்கள் உட்கார்ந்து ஏற்பாடு செய்தார்கள். மனிதன் போட்டதை மனிதன் மாற்றலாம். இந்த இரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்

நான் தோட்டத்தில் பிறந்தவன். என் தந்தை பால்மரம் வெட்டியவர். உங்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கும் இதே கதைதான். தோட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடு. அதற்கும் கீழே, பள்ளத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக லயம். விடியும் முன் பெரட்டு. பெயர் கூப்பிடும்போது கைகட்டி நிற்க வேண்டும். நடுவில் தண்டல், கங்காணி.

சிறு வயதில் எனக்கு இது இயற்கை என்றே தோன்றியது. மலை மேலே இருக்கிறது, ஆறு கீழே ஓடுகிறது, அதுபோல துரை மேலே, நாம் கீழே. பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். ஏனென்றால் அவன் பிறக்கும் முன்பே அந்த வரைபடம் போட்டாகிவிட்டது!

ஆனால் யார் போட்டது? வெள்ளைக்காரக் கம்பெனிகளும் அன்றைய காலனித்துவ அரசாங்கமும். அவர்களுக்கு மலிவான, பணிவான, திரும்பிப் பேசாத ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் பஞ்சப்பட்ட கிராமங்களிலிருந்து முதலில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்தார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தினார்கள். பிறகு கங்காணி முறை. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அதுவும் நின்றது. மலாய்க்காரர் வயலில், சீனர் ஈயச் சுரங்கத்திலும் கடையிலும், தமிழர் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் சாலை வேலையிலும் என்று ஆளுக்கொரு பக்கம் நிறுத்தி வைத்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. தெரியாதவனைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் வெறுப்பு வரும். இந்தப் பிரிவினையால் யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்!

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிள்ளான் சாதாரண ஊர் அல்ல. 1941-ஆம் ஆண்டு இங்கே சுற்று வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றவர். பள்ளிக்கூடப் பாட நூல்களில் இதற்கு அதிகம் இடமில்லை. ஆகவே நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அவர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்து என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, நோயாளிக்கு ஒழுங்கான வைத்தியம் வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார் முன்னாலும் தோட்ட அதிகாரிகள் முன்னாலும் நாங்கள் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும்!

புரிகிறதா? அன்று துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள்! கூலி உயர்வோடு சேர்த்து இதையும் ஏன் கேட்டார்கள்? வயிறு மட்டும் அல்ல, முதுகெலும்பும் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கும் அந்த மனிதர்கள், தினம் தினம் சைக்கிளை விட்டு இறங்குகிறவன் ஒரு நாள் மனதாலும் இறங்கிப் போவான் என்பதைப் புரிந்து வைத்திருந்தார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கொஞ்சம் கூலி உயர்வு கிடைத்தது, கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை.

ஆனால் இன்று இந்த நாட்டில் யாராவது யாரையாவது பார்த்து சைக்கிளை விட்டு இறங்குகிறோமா? இல்லை. அன்று அந்த விதியைப் போட்டவனுக்கு அது உலக ஒழுங்கு. அது போய்விட்டால் உலகமே தலைகீழாகிவிடும் என்று நினைத்தான். அது போனது. உலகம் ஒன்றும் கவிழவில்லை. ஆக, "இது இப்படித்தான், மாறாது" என்று உங்களிடம் யாராவது சொன்னால் கிள்ளான் சைக்கிளை நினைத்துக் கொள்ளுங்கள்.

சட்டப் புத்தகத்தில் இருப்பது

1957-இல் சுதந்திரம் வந்தது. கூட்டரசு அரசியல் சட்டம் வந்தது. அதில் 8-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லா மனிதர்களும் சமம் என்கிறது. 136-ஆவது பிரிவு, அரசாங்க வேலையில் ஒரே தரத்தில் இருப்பவர்களை இனம் பாராமல் நடுநிலையோடு நடத்த வேண்டும் என்கிறது. 153-ஆவது பிரிவு மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கிறது. பின்னர் சபா, சரவாக் சுதேசிகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

153-ஐப் பற்றி நம் மக்களுக்குப் பயமும் உண்டு, கோபமும் உண்டு. நான் சொல்வது, அதை முழுவதும் படியுங்கள். அதே பிரிவு மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் பேரரசர் பாதுகாக்க வேண்டும் என்கிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு ஒருவர் நெஞ்சை நிமிர்த்துகிறார், இன்னொருவர் தலையைத் தொங்கப் போடுகிறார். இரண்டு பேருமே மீதிப் பாதியைப் படிக்கவில்லை! சட்டத்தை வரைந்த ரீட் ஆணைக்குழு 1957-இல் இந்தச் சலுகைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறு ஆய்வு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதற்கு இரண்டு நோக்கம். ஒன்று, இன வேறுபாடு இல்லாமல் வறுமையை ஒழிப்பது. இரண்டு, இந்த இனத்துக்கு இந்தத் தொழில் என்ற நிலையை மாற்றுவது. காகிதத்தில் பார்த்தால் இரண்டுமே நம் வயிற்றில் பால் வார்க்கும் வார்த்தைகள். தமிழன் என்றால் பால்மரம் என்ற நிலைதானே நம்மை அழுத்திக் கொண்டிருந்தது!

ஆனால் நடந்தது வேறு. பொருளாதாரத்தில் பூமிபுத்திராக்களுக்கு 30 விழுக்காடு என்ற இலக்கு முன்னால் வந்தது. தோட்டம் தனியார் சொத்து என்று சொல்லி, கிராமங்களுக்குப் போன குடிநீர், மின்சாரம், சாலை போன்ற மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டன. பிறகு 1980-களிலும் 1990-களிலும் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறை உழைத்த நம் குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்து பட்டண ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன.

இதற்கு ஏழை மலாய்க்காரர் காரணம் என்று நினைத்தால் நாம் தவறான கதவைத் தட்டுகிறோம். கிளந்தானிலோ கெடாவிலோ நெல் நடுகிற ஒரு மலாய்க்கார அப்பாவுக்கும் தன் பிள்ளை படிக்க வேண்டும் என்ற அதே கவலைதான். அவருக்குக் கிடைத்த உதவியை அவரிடமிருந்து பிடுங்கு என்பது நம் கோரிக்கை அல்ல. அதே வறுமையில் இருக்கும் என் பிள்ளையையும் அதே கண்ணால் பார் என்பதுதான் கோரிக்கை. பசிக்கு இனம் கிடையாது. பசியைத் தீர்க்கும் திட்டத்துக்கு மட்டும் எதற்கு இனம்?

கேட்டால் மாறுகிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறியும் மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காமல் நம் பிள்ளைகள் அழுததைப் பல ஆண்டுகள் பார்த்தோம். பெற்றோர்களும் இயக்கங்களும் விடாமல் கேட்டார்கள். 2024-இல், 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவர்களுக்கும் இனம் பாராமல் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். இது முழு வெற்றி அல்ல. ஆனால் பூட்டியே இருந்த ஒரு கதவு கொஞ்சம் திறந்தது. தட்டியதால் திறந்தது.

நம் வீட்டுக்குள் இருக்கும் ஏணி

இனி பேசப் போவது சிலருக்குக் கசக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

லயத்தைப் பற்றிச் சொன்னேன். சாதிக்கு ஒரு லயம் என்று பிரித்து வைத்த தோட்டங்களும் இருந்தன. துரை அதைத் தடுக்கவில்லை, அவனுக்கு அது வசதி. ஆனால் அந்தச் சாதியைத் துரை கொண்டு வரவில்லை. அதை மூட்டையோடு மூட்டையாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தவர்கள் நாம்தான். 1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். அவர் வந்து போய் ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகப் போகிறது. இன்னும் பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்துக்கு முன்னால் "அவங்க என்ன ஆளுங்க?" என்று மெல்லிய குரலில் கேட்கிறோமே, இது எந்த நியாயம்?

நான் நீதிமன்றத்தில் நின்று 8-ஆவது பிரிவைப் பற்றிப் பேசுகிறேன். பிறப்பை வைத்து என் மக்களைத் தாழ்த்தாதே என்று வாதாடுகிறேன். அப்படி வாதாடிவிட்டு வீட்டுக்கு வந்து, பிறப்பை வைத்து இன்னொரு தமிழனைத் தாழ்த்தினால் என் வாதத்துக்கு என்ன மதிப்பு? பிறப்பினால் மேல் கீழ் உண்டு என்று நாம் ஒத்துக் கொண்டால், "சரி, அப்படியானால் நீயும் கீழேயே இரு" என்று மற்றவர் சொல்லும்போது நம் வாயில் பதில் இருக்காது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஆண்களுக்கே குறைந்த கூலி, பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அரசியல் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற வார்த்தையே 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. நம் வீட்டில் அது சேர்ந்துவிட்டதா? மகன் கல்லூரிக்கு, மகள் தொழிற்சாலைக்கு என்று முடிவு செய்கிற வீடுகள் இன்னும் உண்டா இல்லையா? உங்கள் மனதைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று மலிவுக் கூலி நாம்தான்

அடுத்து, வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியர், மியன்மாரிலிருந்து ஓடி வந்தவர்கள். நம் தம்பிமார் சிலர் கோபப்படுகிறார்கள். "அவனுங்க வந்துதான் நம்ம வேலை போச்சு." கோபம் எனக்குப் புரிகிறது. வேலை போனவனுக்குத்தான் வலி தெரியும். ஆனால் கோபத்தை யார் மேல் இறக்குகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

1941-ஐ மறுபடியும் நினையுங்கள். சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலிக்கு வேலை செய்த வெளிநாட்டு ஆள் அன்று யார்? நாம்தான்! லயத்தில் அடைத்து வைக்கப்பட்டது யார்? நாம்தான்! சொந்தக்காரன் வந்து பார்ப்பதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது யாருக்கு? நமக்குத்தான். உறவினர் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. இன்று கொங்சியில் பத்துப் பேர் ஒரே அறையில் படுத்து, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நிற்கும் அந்த இளைஞன், நம் தாத்தா நின்ற இடத்தில் நிற்கிறான்.

அன்று நம் தாத்தா என்ன கேட்டார்? சீனரை வெளியேற்று என்று கேட்கவில்லை. சமமான கூலி கொடு என்று கேட்டார். அதுதான் புத்திசாலித்தனமான கோரிக்கை. ஒருவனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள சட்டம் இடம் கொடுத்தால் முதலாளி அவனைத்தான் வைத்துக்கொள்வான், உன்னை வீட்டுக்கு அனுப்புவான். இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்றால் அந்த வாசல் அடைபடும்.

நல்ல வேளையாக, நம் நாட்டின் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று பார்ப்பதில்லை. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கியது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது, அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் சிறிய முதலாளிகளுக்கும் அதுவே விதி. வீட்டு வேலை செய்பவர்கள் மட்டும் இதற்கு வெளியே விடப்பட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு குறைதான். சொக்சோ பாதுகாப்பும் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உண்டு. அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காதபோது நீங்கள் வாயைத் திறந்தால், உங்கள் வேலையைத்தான் காப்பாற்றிக் கொள்கிறீர்கள்.

வரிசை வேறு, ஏணி வேறு

"அப்படியானால் ஒழுங்கே வேண்டாமா? எல்லோரும் சமம் என்றால் யார் சொல்வதை யார் கேட்பது?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி.

ஒழுங்கு வேண்டும். அரசாங்க கிளினிக்கில் எண் சீட்டு எடுக்கிறோம். முதலில் வந்தவர் முதலில், அவசர நோயாளி எல்லோருக்கும் முன்னால். யாருக்கும் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அது வரிசை. இன்று நான் பின்னால், நாளை நீ பின்னால். அண்ணன் சொன்னால் தம்பி கேட்பதும், தொழிற்சாலையில் சூப்பர்வைசர் சொன்னபடி வேலை செய்வதும் ஒழுங்குதான், அது வேலைக்கான ஒழுங்கு.

ஏணி அப்படி அல்ல. ஏணியில் ஒருவன் பிறக்கும்போதே மேல்படியில், இன்னொருவன் பிறக்கும்போதே கீழ்படியில். அவன் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், எவ்வளவு உழைத்தாலும் படி மாறாது. வரிசையை நாம் காப்பாற்ற வேண்டும், ஏணியைச் சாய்க்க வேண்டும்.

எது வரிசை, எது ஏணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விதியை யார் போட்டது? இதனால் யாருக்கு லாபம்? போட்டவர் என் இடத்தில் நின்றால் இதை ஒத்துக் கொள்வாரா? அரசாங்கத்தின் விதிக்கும், கம்பெனியின் விதிக்கும், கோயில் கமிட்டியின் விதிக்கும், இதோ நம்மைப் போன்ற இயக்கங்களின் விதிக்கும் இந்த மூன்று கேள்வி பொருந்தும். தலைவரைப் பார்த்து எழுந்து நிற்பது மரியாதை. தலைவரைப் பார்த்துக் கேள்வி கேட்கப் பயந்தால் நாம் மறுபடியும் சைக்கிளை விட்டு இறங்குகிறோம் என்று அர்த்தம்.

கையில் இருக்க வேண்டியது

வழக்கறிஞன் பேச்சில் வேலைக்கு உதவுகிற விஷயம் இல்லாமல் போகக்கூடாது. ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் யார் தெரியுமா? கையில் காகிதம் இல்லாதவர். ஏழைக்குக்கூடச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாதவருக்குப் பெயரே இல்லை. பள்ளிக்கூடம், வேலை, வங்கிக் கணக்கு, கல்யாணப் பதிவு என்று ஒவ்வொரு வாசலிலும் அவர் நிறுத்தப்படுகிறார். தமிழவேள் கோ. சாரங்கபாணி 1950-களில் சிங்கப்பூரில் தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்து கொள்ளுங்கள் என்று விடாமல் வற்புறுத்தியது இதனால்தான்.

ஆகவே சில காரியங்கள்.

முதலாவது, பிள்ளை பிறந்தால் காலதாமதம் இல்லாமல் தேசியப் பதிவு இலாகாவில் பதியுங்கள். பன்னிரண்டு வயதானதும் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள்.

இரண்டாவது, திருமணத்தைப் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து நம் திருமணங்களைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். குறிப்பாக, மாப்பிள்ளை மலேசியர், பெண் வெளிநாட்டவர் என்றால் மிகவும் கவனம். பதியாத நிலையில் பிள்ளை பிறந்தால் சட்டம் அந்தப் பிள்ளைக்குத் தகப்பனைப் பார்க்காது, தாயைத்தான் பார்க்கும். தகப்பன் இந்த மண்ணில் மூன்றாவது தலைமுறையாக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை வராது. பிறகு போய்ப் பதிந்தாலும் சிக்கல் தானாகத் தீர்வதில்லை. ஒரு கையெழுத்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே மாறுகிறது. பதிவைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். 1991-இல் கர்ப்பமானதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், 8-ஆவது பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனி முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்ற நிலையை 2005-இல் நம் உச்ச நிலை நீதிமன்றம் எடுத்தது. அதனால்தான் வேலைச் சட்டத்தில் நமக்குத் தனிப் பாதுகாப்பு தேவைப்பட்டது. 2023 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலை இடத்தில் பாகுபாடு காட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். புகாருக்குச் சாட்சி வேண்டும். அந்தப் பிஸ்கட் டின்தான் உங்கள் சாட்சி.

நான்காவது, ஓட்டு. 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதான ஒவ்வொரு குடிமகனும் தானாகவே வாக்காளர். ஆனால் உங்கள் கார்டில் இருக்கும் முகவரியை வைத்துத்தான் தொகுதி முடிவாகிறது. தோட்டத்தை விட்டு வந்து இருபது வருடமாகியும் பழைய முகவரியிலேயே இருக்கிறவர்கள் நாளைக்கே போய் மாற்றுங்கள். தேர்தல் நேரத்து அரிசி மூட்டை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், ஐந்து வருட ஆட்சி வார இறுதியில் தீராது.

ஐந்தாவது, சேர்ந்து செய்யுங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கின. பெரட்டில் கைகட்டி நின்றவர் அந்தத் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார். தலையெழுத்து என்று உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்குமா?

அன்பர்களே, நம்மை மற்றவர்கள் போல ஆக்கிவிடு என்று நாம் யாரையும் கேட்கவில்லை. நாம் தமிழ் பேசுவோம், நம் சாமியைக் கும்பிடுவோம், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அவர் வழியில், எதிர்வீட்டுச் சீனர் அவர் வழியில். வேற்றுமை அப்படியே இருக்கட்டும். அதை வைத்து யாரும் யார் தலை மேலும் ஏறக்கூடாது, நாமும் ஏறக்கூடாது. நாம் கேட்பது அவ்வளவுதான், அதில் ஒரு காசு குறைத்தும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

இங்கே வாசலருகே நம் தோழர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, சம்பளப் பிரச்சினை எதுவானாலும் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். வெட்கப்பட வேண்டாம். வரிசையாக வாருங்கள், எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம்.